நெட்ல இருந்துச்சு, எடுத்தேன்

ஆபீஸ்ல ஆணி ஓவர், அதான் இந்தப் பக்கம் ரொம்ப நாளா ஆளைக் காணோம். இன்னிக்கு வந்ததுக்குக் காரணம் கோவம். பதிவு கொஞ்சம் சூடா இருக்கும், முன்கூட்டியே சொல்லிட்டேன்.

சொந்தக்கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். என் தங்கச்சி மருதாணி டிசைன் வரைவா. காயல்பட்டினத்துல இது ஒண்ணும் அதிசயம் இல்லை. பெருநாள் ராவுல எல்லா வீட்டுலயும் நாலு பேராவது கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஆனா இவ கையில கோன் எடுக்கறதுக்கு முன்னாடி பேப்பர்ல பென்சிலால வரைஞ்சு, அழிச்சு, திரும்ப வரைஞ்சு, அப்புறம் மையில இழுப்பா. ஒரு டிசைனுக்கு மூணு ராத்திரி, நாலு ராத்திரி ஆகும். பிள்ளை தூங்கினாத்தான் பேனாவே கையில. எங்க ஊர்ல கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணு உம்மா வீட்டுலதான் இருக்கும்ங்கறதால, லீவுக்குப் போறப்பல்லாம் நான் இதைப் பக்கத்துலயே உக்காந்து பார்த்தவன்.

வரைஞ்சதை இன்ஸ்டாகிராம்ல போடுவா. இலவசம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே நாலு வரி எழுதியிருப்பா. வீட்டுக்கு எடுத்துக்கோங்க. கையில போட்டுக்கோங்க. விக்காதீங்க. பேரை வெட்டாதீங்க. அவ்வளவுதான் கண்டிஷன். படத்தோட மூலையில, மணிக்கட்டுப் பக்கமா, எறும்பு சைசுல அவ வச்சுக்கிட்ட புனைபேரு இருக்கும்.

போன பெருநாளைக்கு ரெண்டு வாரம் முன்னாடி உம்மா ஒரு ஃபேன்ஸி ஸ்டோர்ல இருந்து வளையலோட ஒரு சின்ன புத்தகமும் வாங்கிட்டு வந்தாங்க. மருதாணி டிசைன் புத்தகம், முப்பது ரூபா. உம்மாவுக்கு எதுவும் தெரியாது. "இந்தா, ஒனக்கு ஆவும்"னு இவ கையிலயே குடுத்தாங்க. புரட்டினா, 24 டிசைன்ல 11 இவளோடது. பேரு இருந்த இடத்துல ஒரு பூவை ஒட்டி மறைச்சிருக்கான் புண்ணியவான். பூ கூட சரியா ஒட்டலை, ஒரு படத்துல அவ பேரோட கடைசி எழுத்து வால் மாதிரி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு.

பின்னட்டைல இருந்த நம்பருக்கு நான் போன் போட்டேன். சண்டை போடலை, தன்மையாத்தான் கேட்டேன். பதில் இதுதான்: "நெட்ல இருந்துச்சு தம்பி, எடுத்தோம்."

அந்த ஆளு மேல எனக்குக் கோவம் கம்மிதான். அவரு யாவாரி, மாட்டிக்கிட்டாரு. நிஜமான கோவம், நான் இதைச் சொன்னப்போ நம்ம ஆளுங்க சொன்னதுல. படிச்சவங்க, எழுதறவங்க, நாள் முழுக்க என்னை மாதிரியே பொட்டி தட்டறவங்க. ஒருத்தர் சொன்னாரு, "பப்ளிக்கா போட்டா பப்ளிக்குக்குத்தானே பாஸ்". இன்னொருத்தர், "உன் தங்கச்சிக்கு ஓசி விளம்பரம்னு நினைச்சுக்கோ". மூணாவது ஆளு இன்னும் மேலே போயி, "பெரிய வாட்டர்மார்க் போட்டிருக்க வேண்டியதுதானே"ன்னு கேட்டாரு. அதாவது தப்பு அவ பேர்ல. பூட்டு சின்னதா இருந்துச்சாம், அதனால திருடன் என்ன பண்ணுவான்.

முதல் ஆளுக்கு முதல்ல. எங்க ஊரை ஒட்டி கொம்புத்துறைன்னு ஒரு மீனவர் கிராமம் இருக்கு. மணல்ல வலை காய்ஞ்சுக்கிட்டு இருக்கும். கடற்கரை எல்லாருக்கும் பொது, நானும் போலாம், நீங்களும் போலாம், உக்காந்து காத்து வாங்கலாம், வலையைப் போட்டோ எடுக்கலாம். அதுக்காக அந்த வலையைச் சுருட்டி தோள்ல போட்டுக்கிட்டு வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சு அங்க யாரும் "பப்ளிக் இடத்துல இருந்துச்சு, எடுத்தேன்"னு சொல்லிட்டு நடந்து வீடு வந்து சேர்ந்ததில்லை :)

வலையை எடுத்தா அவங்ககிட்ட இல்லாமப் போயிடும், படத்தைக் காப்பி பண்ணினா அங்கேயும் இருக்கும், ரெண்டும் ஒண்ணான்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான், நானும் அதையேதான் சொல்ல வரேன். டவுன்லோடு பண்றது திருட்டுன்னு நான் சொல்லலை. தாராளமா பண்ணுங்க. போன்ல வச்சுப் பாருங்க, வால்பேப்பர் ஆக்குங்க, பிரிண்ட் எடுத்து அலமாரிக் கதவுல ஒட்டுங்க. நம்ம பதிப்புரிமைச் சட்டமே (1957-ல வந்தது) 52-ம் பிரிவுல சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவுல பயன்படுத்தறதை விட்டு வச்சிருக்கு. கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு மட்டும் அங்க விதிவிலக்கு. அதாவது நான் செய்யற பொருளுக்குப் பாதுகாப்பு கொஞ்சம் கூடுதல், என் தங்கச்சி செய்யறதுக்குக் கம்மி. (வயித்தெரிச்சல்!)

படத்தைக் காப்பி எடுக்கும்போது அங்க ஒண்ணும் குறையறதில்லைதான். ஆனா பேரை வெட்டும்போது குறையுது. வெட்டின காப்பி நூறு, ஆயிரம்னு பெருகிப் போயிடுச்சுன்னா பேரோட இருக்கற ஒரிஜினல்தான் சந்தேகத்துக்குரியதா ஆகிடும். தங்கச்சிக்கு அதுவும் நடந்துச்சு. அந்தப் புத்தகம் வந்த அப்புறம் ஒரு பொண்ணு இவ பக்கத்துல வந்து, "இது புக்ல இருக்கற டிசைன்லா, ஒங்க பேரைப் போட்டிருக்கீங்க?"ன்னு கேட்டிருக்கு. அன்னிக்குத்தான் அவ அழுதா. புத்தகத்தைப் பார்த்தப்போ கூட அழலை.

அவ படத்துல முகம் வராது. கை மட்டுந்தான் வரும், அதுவும் பல சமயம் வரைஞ்ச கைதான். அவளைப் பத்தி வெளியில தெரியறதே அந்த எறும்பு சைசுப் பேரு ஒண்ணுதான். அது மேலதான் பூ ஒட்டினாங்க.

இப்ப என் பாவமன்னிப்பு. இல்லேன்னா யோக்கியன் வேஷம் போடறேன்னு பின்னூட்டத்துல கும்மிடுவீங்க.

காலேஜ் ரெண்டாவது வருசம் டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்குப் போஸ்டர் பண்ற வேலை என் தலையில விழுந்துச்சு. கூகுள்ல தேடினப்போ ஒரு படம் கிடைச்சுது. பழைய ஓட்டு வீடு, ஒரு பொண்ணு, பக்கவாட்டுல இருந்து விழற வெளிச்சம். போட்டோவா ஓவியமான்னு பத்து நிமிசம் முழிச்சேன். மூலையில கையெழுத்து இருந்துச்சு. அது காலேஜ் லோகோ வைக்க வேண்டிய இடத்துல இடிச்சுது. க்ராப் பண்ணினேன். ரெண்டு செகண்ட் வேலை. அந்தக் கையெழுத்து என்னன்னு படிச்சுக்கூடப் பார்க்கலை.

2021 ஜூன்ல கொரோனா ரெண்டாவது அலையில ஓவியர் இளையராஜா இறந்து போனார். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்காரர், நாப்பது வயசை ஒட்டித்தான் இருக்கும். அன்னிக்கு வாட்சப் முழுக்க அவர் ஓவியங்கள். ஒண்ணொண்ணா தள்ளிக்கிட்டே வரேன், என் போஸ்டர் பொண்ணு வந்து நிக்குது. அவர் படங்களை அதுக்கு முன்னாடி எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கே இல்லை. குட்மார்னிங் மெசேஜ்ல, கவிதைக்குப் பின்னணியா, "கிராமத்து அழகு"ன்னு தலைப்புப் போட்டு, யாரோ ஒரு ஸ்டூடியோக்காரர் எடுத்த போட்டோன்னு சொல்லி. எண்ணெய் வண்ணத்துல அந்த வெளிச்சத்தைக் கொண்டு வர எத்தனை நாள் நின்னாரோ, நமக்கு வந்து சேரும்போது அந்தப் படத்தோட பேரு "ஐஎம்ஜி டபிள்யூஏ0031". அவர் இருந்தப்போ அவர் பேரைத் தெரிஞ்சுக்காம, இறந்தப்போ "ஆழ்ந்த இரங்கல்" போட்டவங்கள்ல நானும் ஒருத்தன்.

அந்த டபிள்யூஏ விவகாரம் டெக்னிக்கலாவும் கவனிக்க வேண்டியது. போட்டோ கோப்புக்குள்ள எடுத்தவர் பேரு, தேதி, உரிமை விவரம் எல்லாம் எழுதி வைக்கறதுக்கு இடம் உண்டு. வாட்சப்ல சாதாரணமா படமா அனுப்பினா அது படத்தைச் சுருக்கும்போதே அந்தத் தகவலையும் உதறிடும், கோப்போட பேரையும் மாத்திடும். ஆக முதல் ஃபார்வர்டுலயே பாதி அடையாளம் போயிடுது. மிச்சம் இருக்கறது படத்து மேல தெரியற கையெழுத்து. அதையும் நாம க்ராப் பண்ணினா அந்தப் படம் அனாதை. அதுக்கப்புறம் நல்ல மனசுள்ளவங்க கூட பேரைப் போட முடியாது, போடணும்னு நினைச்சாலும் தெரியாது.

பாட்டுக்கும் இதே கதிதான். எங்க ஊர்ப் பேரையே முன்னாடி வச்சுக்கிட்டுப் பாடினவர் காயல் ஷேக் முஹம்மது. எங்க வாப்பா கேசட் காலத்துல இருந்து அவர் ரசிகர். ஒரு நாள் வாப்பா போனுக்கு எம்பி3 ஒண்ணு வந்துச்சு, கோப்போட பேரு "நாகூர் ஹனிபா ஹிட்ஸ்". பாட்டு ஆரம்பிச்சு நாலு செகண்ட்ல வாப்பா நிமிர்ந்தாங்க. "இது ஹனிபா இல்லலா, நம்ம ஷேக் முஹம்மது காக்கா." நாகூர் ஹனிபா 2015-ல காலமானார், அவர் இருந்து இதைப் பார்த்திருந்தாலும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டார். அடுத்தவர் பாட்டால நிறையற அளவுக்கு அவர் புகழ்ல ஓட்டை ஒண்ணும் இல்லை. எவனோ ஒருத்தன் இஸ்லாமியப் பாட்டுன்னாலே ஹனிபாதான்னு முடிவு பண்ணி பேரை அடிச்சு அப்லோடு பண்ணிட்டான், அவ்வளவுதான் விசயம். பாடினவருக்கே இந்தக் கதின்னா எழுதினவரை யாரு கண்டா? ஹனிபாவோட ரொம்பப் பிரபலமான "இறைவனிடம் கையேந்துங்கள்" எழுதினது கிளியனூர் அப்துல் சலாம். உங்க போன்ல அந்தப் பாட்டு இருந்தா திறந்து பாருங்க, அவர் பேரு எங்கயாவது இருக்கான்னு.

சரி, இனி நம்ம பொட்டி தட்டற கூட்டத்துக்குத் தனியா ஒரு வார்த்தை. மத்தவங்களை விட நமக்குத்தான் இதுல சாக்கு சொல்ல வழியே இல்லை.

ஆபீஸ்ல ஒரு ஓபன் சோர்ஸ் லைப்ரரியை இழுத்துப் போடறோம். எம்ஐடி லைசென்ஸ்னா என்ன சொல்லுது? எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கோ, என்ன வேணா பண்ணிக்கோ, ஆனா இந்தக் காப்பிரைட் வரியையும் இந்தக் குறிப்பையும் கூடவே வச்சிரு. நம்ம பக்கம் இருக்கற நிபந்தனை அது ஒண்ணுதான். அதை நாம மீறறதில்லை. ரிலீசுக்கு முன்னாடி ஸ்கேன் பண்றோம், லைசென்ஸ் கோப்பு இருக்கான்னு பார்க்கறோம், இல்லேன்னா மேனேஜர் மெயில் போடுவார். அமெரிக்காவுல மாடல் ரயில் ஓட்டற ஹாபிக்காரர் ஒருத்தர் எழுதின சாஃப்ட்வேர்ல பேரையும் உரிமைக் குறிப்பையும் எடுத்துட்டுப் பயன்படுத்தினதுக்கு வழக்கே நடந்துச்சு. ஜேக்கப்சன் - காட்ஸர் வழக்கு. "இலவசமாக் குடுத்ததுதானே"ங்கற வாதம் எடுபடலை, இலவசமாக் குடுத்தாலும் நிபந்தனை நிபந்தனைதான்னு 2008-ல மேல்முறையீட்டு கோர்ட் சொல்லிடுச்சு. பொம்மை ரயில்தானேன்னு யாரும் சிரிக்கலை. பகல் பூரா இவ்வளவு ஒழுக்கமா இருக்கற நாமதான் ராத்திரி வீட்டுக்கு வந்து, ஒருத்தி நாலு ராத்திரி கண் முழிச்சு வரைஞ்சதைப் பேரை வெட்டி ஸ்டேட்டஸ்ல போடறோம். கோடுன்னா உழைப்பு, கோலம்னா ஊர்ச் சொத்து. நல்லா இருக்கு நியாயம்.

தமிழ்லயே பக்கா உதாரணம் இருக்கு, மதுரைத் திட்டம். 1998-ல இருந்து, சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம் ஐயா ஒருங்கிணைக்க, உலகம் பூரா இருந்து ஆளுங்க சங்க இலக்கியத்துல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணாத் தட்டச்சு செஞ்சு இலவசமாக் குடுத்தாங்க. நீங்களும் நானும் பதிவுக்கு மேற்கோள் தேடி நேரா ஓடறது அங்கதான். அந்தக் கோப்புகளோட முதல் பக்கத்துல தட்டச்சு செஞ்சது யாரு, பிழை திருத்தினது யாருன்னு இருக்கும், கூடவே ஒரு வேண்டுகோள். யாருக்கு வேணா குடுங்க, இந்த முகப்புப் பக்கத்தை மட்டும் அப்படியே விடுங்க. காசு கேட்டாங்களா? இல்லை. அனுமதி வாங்கச் சொன்னாங்களா? இல்லை. ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு அதே கோப்பைத் தன் தொகுப்பு மாதிரி போடற இடங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க, நானும் பார்த்திருக்கேன்.

எல்லாத்தையும் தூக்கிக் குடுக்கத் தயாரா இருக்கறவங்க கூட பேரை மட்டும் ஏன் கேக்கறாங்க? கிரியேட்டிவ் காமன்ஸ் ஆரம்பிச்சப்போ பேரு போட வேண்டாம்ங்கற லைசென்ஸும் குடுத்துப் பார்த்தாங்க. நூத்துக்கு 97 பேருக்கு மேல பேரு வேணும்ங்கறதையே எடுத்தாங்க. 2004-ல வந்த ரெண்டாவது பதிப்புல அந்த முதல் வகையையே தூக்கிட்டாங்க. காசு வேண்டாம்னு சொல்றவங்களுக்குப் பேருதான் கூலி. அதையும் தரமாட்டேன்னா எப்படி? வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்புல, இலங்கைப் பக்கம், சிப்பிக் குவியலை மூணாப் பிரிச்சு ரெண்டு பங்கை அரசாங்கம் எடுத்துக்கிட்டு ஒரு பங்கை மூழ்கினவங்களுக்குக் குடுத்தான். அநியாயப் பங்குதான். ஆனா மூழ்கினவன்னு ஒருத்தன் இருந்தாங்கறதையாவது அவன் மறைக்கலை.

"ஓசி விளம்பரம்" சொன்ன நண்பருக்கு: பேரு இல்லாம எதுக்குய்யா விளம்பரம்? எந்தக் கடைக்கு?

வாட்டர்மார்க் நண்பருக்கு: மருதாணி டிசைன்ல நடுவுல எழுத்து வந்தா வரைஞ்சு பார்க்கிற பொண்ணுக்குக் கோடு தெரியாது. நல்ல எண்ணத்தோட எடுக்கறவங்களுக்கு இடைஞ்சல் வேண்டாம்னுதான் அவ பேரை ஓரத்துல சின்னதாப் போட்டா. அந்த நல்ல மனசைத்தான் நீங்க முட்டாள்தனம்னு சொல்றீங்க. இன்னொண்ணு, இது வெறும் மரியாதை மேட்டர் மட்டும் இல்லை. 2012-ல பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினப்போ 65-பி ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. படைப்பு யாருதுன்னு காட்டற தகவலை அனுமதியில்லாம, தெரிஞ்சே நீக்கினா ரெண்டு வருசம் வரைக்கும் சிறை, அபராதம். 57-ம் பிரிவு இன்னும் பழசு, உரிமையை வித்துட்டாலும் "இது என் படைப்பு"ன்னு சொல்ற உரிமை படைச்சவருக்கு உண்டுங்குது. ஒரு பூ ஒட்டினதை கோர்ட் எப்படிப் பார்க்கும்ங்கறது வக்கீல்கள் பாடு. நாங்க கேஸ் போடப் போறதில்லை. முப்பது ரூபா புத்தகத்துக்குத் தூத்துக்குடிக்கும் ஊருக்கும் அலையறதுக்கு ஆள் இல்லை, அதுவும் அந்த யாவாரிக்குத் தெரியும்.

"எல்லாத்துக்கும் பேரு தேடிக்கிட்டு இருக்க முடியுமா, தெரியலைன்னா என்ன பண்றது?"ன்னு கேட்டா, அந்தக் கேள்வியை நான் மதிக்கறேன். நம்ம குறுந்தொகைக்காரங்களுக்கும் இதே பிரச்சினை வந்துச்சு. பாட்டு கையில இருக்கு, புலவர் பேரு இல்லை. என்ன பண்ணினாங்க? அந்தப் பாட்டுல வர்ற உவமையையே எடுத்துப் பேரா வச்சாங்க. செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார். பேரு தெரியலைங்கறதுக்காக இடத்தைக் காலியா விடலை, தன் பேரையும் அங்க எழுதிக்கலை. மரியாதைக்கு "ஆர்" விகுதி வேற. அவங்ககிட்ட கூகுள் லென்ஸ் கிடையாது. நம்மகிட்ட இருக்கு. ஒரு நிமிசம் தேடுங்க, கிடைக்கலைன்னா "வரைந்தவர் பெயர் தெரியவில்லை, தெரிந்தால் சொல்லவும்"னு ஒரு வரி போடுங்க.

நான் இப்ப என்ன பண்றேன்னா, படத்தைச் சேமிக்கும்போதே கோப்புக்கு வரைஞ்சவர் பேரை வச்சுடறேன். யாருக்காவது காட்டணும்னா படத்தை அனுப்பாம, அவங்க போட்ட இடத்தோட சுட்டியை அனுப்பறேன், படம் பிடிச்சவங்க ஆளையும் பார்க்கட்டும். அச்சுல போகணும், பேனர்ல போகணும், கல்யாணப் பத்திரிகையில வைக்கணும்னா கேட்டுட்டுத்தான். கேட்டா பத்துல எட்டு பேரு சந்தோசமாச் சரிங்கறாங்க, இது என் சொந்த அனுபவம். விலை போட்டு விக்கறவங்க படம்னா வாங்கறேன், வாங்க முடியலைன்னா பார்த்துட்டு வந்துடறேன். பெருசா ஒண்ணும் இல்லை.

எல்லாமே கோடு கிழிச்ச மாதிரி இருக்காது, அதையும் ஒத்துக்கறேன். கல்யாண வீடுகள்ல காசு வாங்கிட்டு மருதாணி போட்டு விடறவங்க தங்கச்சி டிசைனைப் பார்த்துப் போடறாங்க. அது சொந்த உபயோகமா, தொழிலா? நான் தொழில்தான்னு வாதாடினேன். அவ கேக்கலை. "அதுவும் கைதானே காக்கா, பத்து நாள்ல அழிஞ்சிரும். அவ கஷ்டப்பட்டு உக்காந்து போடுதா, போட்டுட்டுப் போறா"ன்னுட்டா. வரைஞ்சவளே விட்டுக்குடுத்த இடத்துல எனக்கென்ன வேலை. ஆனா அந்த முடிவை அவதான் எடுக்கணும், பூ ஒட்டறவர் இல்லை.

இப்ப மேட்டருக்கு வரேன். நேத்து ராத்திரி உக்காந்து என் பழைய பதிவுகளைத் தோண்டினேன். தலைப்புக்கு அழகா இருக்கட்டும்னு நானும் படம் சுட்டுப் போட்டிருக்கேன், மொத்தம் 14. ஒன்பது படத்துக்கு வரைஞ்சவர், எடுத்தவர் பேரு கண்டுபிடிச்சு கீழே போட்டாச்சு, அதுல மூணு இளையராஜாவோடது. ரெண்டு பேருக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினேன், ஒருத்தர் சிரிப்பான் போட்டு பதில் அனுப்பிட்டார். மிச்சம் இருக்கற அஞ்சுல மூணைத் தூக்கிட்டேன். ரெண்டைத் தூக்க மனசு வரலை: ஒண்ணு மழையில நனையற பாய்மரத் தோணி, நீர்வண்ணம், 2019 மார்ச் பதிவுல இருக்கு. இன்னொண்ணு பனைமரத்தடியில பதநீர்ப் பானை, பேனாக் கோட்டோவியம், வலது ஓரத்துல ஏதோ கையெழுத்து பாதி வெட்டுப்பட்டு "...ணி"ன்னு மட்டும் தெரியுது. யாரு வரைஞ்சதுன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.